வரைபடத்தில் மரத்தை ஏற்றுங்கள்: சென்னையில் வீட்டை இடித்துக் கட்டப் போகிறவர்களுக்கு

மரம் அறுக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்து நிற்கும் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஒருமுறை லுங்கியோடு, ஒருமுறை பாதிச் சவரத்தோடு. இரண்டு முறையும் மரம் போனது போனதுதான். மேஸ்திரி கைபேசியை எடுத்துக் கட்டட அனுமதியின் வரைபடத்தைக் காட்டினார். அதில் வீடு இருந்தது, படிக்கட்டு இருந்தது, கீழ்நிலைத் தொட்டி இருந்தது, கழிவுநீர்க் குழாய் போகும் பாதைகூட இருந்தது. இரண்டு கைகளாலும் கட்டிப்பிடிக்க முடியாத வேப்பமரம் மட்டும் இல்லை. வரைந்தவர் அந்த இடத்தில் கார் நிறுத்தம் என்று எழுதி வைத்திருந்தார்.

சில வருடங்கள் கழித்து, நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியையே இடித்துக் கட்டும் பேச்சு வந்தது. 1980களில் கட்டிய பதினாறு வீடுகள். சங்கத்தின் சம்பளமில்லாத செயலாளர் நான். வளாகத்தில் பதினொரு மரங்கள். இன்று ஆறு நிற்கின்றன. அந்த ஆறும் எப்படி நின்றன, மற்ற ஐந்தும் எப்படிப் போயின என்பதிலிருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதன்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு வரிசைப்படி சொல்லப் பார்க்கிறேன். சில படிகள் ஒரு நாளில் முடியும், சில படிகள் பொறுமையைச் சோதிக்கும்.

முதல் படி: மரம் யார் நிலத்தில் நிற்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கும் மனு கொடுக்காதீர்கள். சுற்றுச்சுவருக்கு வெளியே, சாலையோரத்தில் நிற்கும் மரம் மாநகராட்சியுடையதாகவோ நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ இருக்கும். சுவருக்கு உள்ளே நிற்பது மனைக்காரருடையது. குழப்பம் வருவது சுவரை ஒட்டி நிற்கும் மரங்களில். நம் ஊரில் பாதிச் சுற்றுச்சுவர்கள் பட்டா எல்லையில் இருப்பதில்லை. புல வரைபடத்தை இணையத்திலிருந்து எடுத்து, நில அளவரை வைத்து ஒருமுறை எல்லைக் கல் பார்த்துவிடுங்கள். எங்கள் நாவல் மரம் எங்களுடையது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அளந்தபோது அடிமரத்தில் முக்கால்வாசி தெருவுக்குள் இருந்தது. அதுதான் அதைக் காப்பாற்றியது.

ஏனென்றால் நிலம் யாருடையது என்பதைப் பொறுத்து விதியே மாறுகிறது. 2021இல் தமிழ்நாடு அரசு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்களை அமைத்தது. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். அரசு நிலத்தில், சாலையோரத்தில், பொது இடத்தில் நிற்கும் மரத்தை வெட்ட வேண்டுமானால் இந்தக் குழுவின் வழியாகப் போக வேண்டும். ஆக, உங்கள் வாசலுக்கு நேராக நிற்கும் தெரு மரம் கார் திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று புரமோட்டர் சொன்னால், அது அவரும் வார்டு அலுவலகத்தில் யாரோ ஒருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயம் அல்ல.

தனியார் மனைக்குள் இருக்கும் மரங்களுக்கு வருவோம். மகாராஷ்டிரத்தில் 1975 முதல் நகர்ப்புற மரங்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. கர்நாடகத்தில் 1976 முதல், டெல்லியில் 1994 முதல். பெங்களூருவில் உங்கள் வீட்டுத் தோட்டத்து மரத்தை வெட்டவும் மர அலுவலரிடம் அனுமதி கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் மலைப் பகுதிகளுக்கு 1955இலேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சமவெளி நகரங்களுக்கு அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. சந்தனம் போன்ற சில மரங்களுக்குத் தனி விதிகள் உண்டு. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. தாம்பரத்துக்கு அப்பால், பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் மனை வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மனைப்பிரிவு போடுவதன் முதல் வேலையே பனைகளைச் சாய்ப்பதாக இருக்கிறது.

மற்றபடி வேம்பு, மா, நாவல், புங்கம் எல்லாம் மனைக்காரர் மனம்போல. எனவே தனியார் மனையில் மரத்தைக் காப்பாற்ற மரச் சட்டத்தைத் தேடிப் பயனில்லை. கட்டட விதிகளையும், அதைவிட முக்கியமாக நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தையும்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டாம் படி: அளந்து எழுதுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் நாடா போதும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், அடிமரத்தின் சுற்றளவை எடுங்கள். வனத்துறையினர் அளக்கும் உயரம் அதுதான். ஒரு நோட்டில் மரத்தின் எண், பெயர், சுற்றளவு, இரண்டு சுவர்களிலிருந்து உள்ள தூரம், எவ்வளவு தூரம் கிளை பரப்பியிருக்கிறது, உடம்பில் பொந்தோ கறையானோ உண்டா என்று எழுதுங்கள். ஒவ்வொரு மரத்தையும் அன்றைய செய்தித்தாளோடு சேர்த்து நான்கு பக்கமும் படம் எடுங்கள். சிரிப்பாக இருக்கும். பிறகு, “அங்கே மரமே இல்லை சார்” என்று ஒருவர் சொல்லும்போது சிரிப்பு வராது.

இப்போது ஒரு கணக்கு. சுற்றளவைப் போல நான்கு மடங்கு தூரம், மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும், அதன் வேருக்கு வேண்டிய நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் கட்டுமான இடங்களுக்கான தரநிலை அடிமர விட்டத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு என்கிறது. விட்டத்தைவிடச் சுற்றளவை எடுப்பது எளிது. கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். 1.6 மீட்டர் சுற்றளவுள்ள வேம்புக்கு ஏறத்தாழ 6 மீட்டர். சென்னையில் இவ்வளவு இடத்தை யார் விடுவார்கள் என்று கேட்பீர்கள். முழுதாக யாரும் விடமாட்டார்கள். ஆனாலும் எண் தெரிந்திருந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதாவது தெரியும்.

வேர் ஆழத்தில்தானே போகிறது, மேலே தோண்டினால் என்ன என்று பொறியாளர்களே கேட்பதுண்டு. ஆணிவேர் ஆழம் போகலாம். மரத்துக்கு நீரும் சத்தும் எடுத்துத் தரும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான், இரண்டு மூன்று அடி ஆழத்துக்குள் படர்ந்திருக்கின்றன. மூன்றடிப் பள்ளம் போதும் ஒரு மரத்தைப் பாதி கொல்ல.

எல்லா மரத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். எங்கள் பட்டியலிலிருந்து இரண்டை நானே அடித்தேன்: உள்ளே கூடாகிப் போன ஒரு முருங்கை, தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஓர் அரசமரம். அப்படி அடித்துக் காட்டியதால்தான் மீதி ஒன்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது எதிரே இருந்தவர் காது கொடுத்தார்.

மூன்றாம் படி: வரைபடத்தில் ஏற்றுங்கள்

இந்த ஒரு படியைச் செய்துவிட்டு மற்றதை விட்டாலும் பாதி வேலை முடிந்தது. மனையின் அளவீட்டு வரைபடம் தயாராகும்போதே, ஒவ்வொரு மரத்தையும் அது நிற்கும் இடத்தில் வட்டமாகப் போடச் சொல்லுங்கள்: எண்ணோடு, சுற்றளவோடு. பெரும்பாலான அளவீட்டாளர்கள் மரத்தைக் குறிப்பதில்லை; கேட்டால் குறிப்பார்கள், கூடுதலாக அரைநாள் வேலை. அந்த வட்டங்களைப் பார்த்த பிறகு கட்டடக் கலைஞர் வரையும் கோடு வேறு மாதிரி வளையும். எங்கள் கட்டடத்தின் மின்மாற்றி அறை முதல் வரைவில் புங்கமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. வட்டத்தைக் காட்டியதும் பத்தடி தள்ளி வைத்தார். அவருக்கு ஐந்து நிமிட வேலை. அனுமதி வாங்கிய பிறகு கேட்டிருந்தால் ஆறு மாதச் சண்டை.

சிறிய வீடு கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கட்ட, இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைத்துவிடுகிறது. முன்கூட்டியே இடத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. வேகம் நல்லதுதான். ஆனால் பின்பக்கம் ஒரு மாமரம் இருக்கிறது என்று சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

வரைபடத்தில் மூன்று கோடுகளைத் தேடிப் பாருங்கள்.

ஒன்று, பக்க இடைவெளி. செட்பேக் என்று எல்லோரும் சொல்வது. பழைய சென்னை வீடுகளின் மரங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன. புதிய கட்டடத்துக்கும் இடைவெளி விட்டே ஆக வேண்டும் என்பதால் மரம் தப்பிவிடும் என்று தோன்றும். ஆனால் கட்டடம் 18.30 மீட்டரைத் தாண்டினால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி அது உயர்மாடிக் கட்டடம். சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும், அதில் தீயணைப்பு வண்டி சுற்றிவர வழியும் வேண்டும். கட்டடத்துக்காகச் சாகாத மரம் தீயணைப்பு வண்டிக்காகச் சாகும். எங்கள் கட்டடம் அந்த உயரத்துக்குக் கீழேயே நின்றுகொண்டதால் இந்தச் சிக்கல் வரவில்லை. நீங்கள் உயரமாகப் போவதாக இருந்தால், வண்டி போகும் பாதையையும் மரங்களையும் ஒரே தாளில் வைத்துப் பாருங்கள்.

இரண்டு, சாய்தளம். கார் இறங்கும் வழி. இதற்கு எங்கள் வேம்புகளில் ஒன்றைக் கொடுத்தோம்.

மூன்று, அடித்தளத்தின் எல்லை. இங்கேதான் நான் ஏமாந்தேன். தரைத்தளத்து வரைபடத்தில் மேற்குப் பக்கத்து மாமரத்துக்கும் கட்டடச் சுவருக்கும் நடுவே மூன்றரை மீட்டர் இருந்தது. போதும் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். கீழே வாகன நிறுத்தத்துக்கான தளத்தை நான் பார்க்கவில்லை. அது கட்டடத்தின் அடியோடு நிற்காமல் பக்க இடைவெளிக்கு உள்ளேயும் நீண்டிருந்தது. தோண்டிய அன்று மரத்திலிருந்து ஐந்தடியில் செங்குத்தாகப் பள்ளம். மண் சுவரில் வேர்கள் அறுந்து, நுனியில் ஈரம் கசிந்துகொண்டு, பழைய வீட்டின் மின்கம்பிகள் மாதிரி தொங்கின. மரம் அன்று சாகவில்லை. அந்த வருடம் காய்கூடக் காய்த்தது, வழக்கத்தைவிட அதிகமாகவே. அடுத்த கோடையில் உச்சியிலிருந்து இலை கருக ஆரம்பித்தது; ஐப்பசி வருவதற்குள் வெட்ட வேண்டியதாயிற்று. ஆகவே, எத்தனை தளம் உண்டோ அத்தனை தாளையும் விரித்துப் பாருங்கள். கீழ்த்தளத் தாளை முதலில் பாருங்கள்.

நான்காம் படி: ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். அந்த ஒப்புதலைக் கொடுக்கும் முன்புதான் உங்களுக்கு வலு. கையெழுத்துப் போட்ட மறுநாள் உங்கள் தொலைபேசியை எடுக்கவே ஆள் இருக்காது.

“முடிந்தவரை மரங்கள் பாதுகாக்கப்படும்” என்ற வரியை ஏற்காதீர்கள். முடிந்தவரை என்பதற்கு ஒப்பந்தத்தில் பொருளே கிடையாது. மரங்களின் பட்டியலையும் வட்டம் போட்ட வரைபடத்தையும் இணைப்பாகச் சேருங்கள். இன்ன எண் மரங்கள் நிற்கும், இன்ன எண் மரங்கள் போகும் என்று எழுதுங்கள். நிற்க வேண்டிய மரம் போனால் எவ்வளவு தொகை என்று ரூபாயில் எழுதுங்கள். அந்தத் தொகை ஒரு கார் நிறுத்தத்தின் விலையைவிடக் குறைவாக இருந்தால், மரத்தை வெட்டிவிட்டுத் தொகையைக் கட்டிவிடுவார்கள், கணக்குத் தெரிந்தவர்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியைச் சாவி வாங்கி இரண்டு வருடங்கள் வரை நிறுத்தி வையுங்கள். எங்கள் மாமரம் செத்தது சாவி வாங்கிய பிறகு, எனக்கு இந்தப் புத்தி வந்ததும் பிறகுதான்.

சங்கக் கூட்டத்தில் மரத்துக்கு எதிராகப் பேசப்போவது புரமோட்டர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். “இலை குப்பை”, “காக்கை எச்சம் காரில்”, “வேர் வந்து சுவரைப் பிளக்கும்” என்று வரிசையாக வரும். எங்கள் இரண்டாம் மாடி மாமி ஒருவர் எழுந்து, “மே மாசம் மத்தியானம் மேற்குப் பக்கத்து வீட்டிலே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துட்டு வந்து பேசுங்கோ” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த எட்டுப் பக்கக் குறிப்புக்கு வேலையே இருக்கவில்லை.

ஐந்தாம் படி: வேலை நடக்கும்போது

வேலி போடுங்கள். இடிப்பதற்கு முன்பே. பச்சை வலையும் கயிறும் வேலி ஆகாது; தகரம் அடித்த வேலி, மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. வேலி இல்லாத மரத்தடி நிழலான இடம், நிழலான இடத்தில்தான் சிமெண்ட் மூட்டை அடுக்குவார்கள், கம்பி வளைப்பார்கள், கலவை இயந்திரத்தைக் கழுவுவார்கள். அந்தக் கழுவிய தண்ணீர் சுண்ணாம்பு மாதிரி. ஊறும் மண்ணில் வேர் உயிரோடிருக்காது. எம்-சாண்ட் ஏற்றிவந்த லாரி ஒருமுறை பின்னால் வந்து திரும்பினாலே மண் கெட்டியாகி, அடுத்த மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கொட்டி மேடாக்குவதும் அப்படித்தான். அடிமரம் தரையோடு சேரும் இடத்தில் விரிந்திருக்கும் அல்லவா, அந்த விரிவு எப்போதும் வெளியே தெரிய வேண்டும்.

ஆழ்துளைக் கிணறு போடும் லாரியை மறந்துவிட்டோம். ஒரு தென்னை அதன் பின்புறம் இடித்துச் சாய்ந்தது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

குழாய் பதிக்க வேரின் நடுவே போயே ஆக வேண்டுமென்றால் ஜே.சி.பி.யை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டச் சொல்லுங்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். கட்டைவிரலைவிடத் தடித்த வேரை வெட்டாமல், குழாயை அதன் அடியில் நுழைத்துவிடலாம். சித்தாள் ஒருவர் இதை எங்கள் பொறியாளருக்கே செய்துகாட்டினார். ஊரில் தென்னந்தோப்பில் வேலை பார்த்தவராம். மேஸ்திரிக்கும் அவருக்கும் மரத்தின் எண்ணைக் காட்டி, எது நிற்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். பெரும்பாலான மரங்கள் யாரும் வெட்டச் சொல்லாமலே வெட்டுப்படுகின்றன.

சுவருக்கு வெளியே

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்ததைச் சென்னையில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலையில் தெருக்களில் நடக்க வழியில்லை. தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் குப்புறக் கிடந்தன. வெளிநாட்டு மரங்கள், அதனால்தான் விழுந்தன என்று பேச்சு. ஓரளவு உண்மை. ஆனால் விழுந்த மரங்களின் அடியைக் குனிந்து பார்த்தால், பலவற்றுக்கு ஒரு பக்கம் வேரே கிடையாது. சாலைப் பக்கம் தார், நடைபாதைப் பக்கம் சிமெண்ட், நடுவில் வடிகாலுக்காக வெட்டிய வேர். அப்படி நிற்க வைத்தால் ஆலமரமும் விழும்.

ஆகவே தெருவில் மழைநீர் வடிகால் வேலை வருகிறது என்று தெரிந்தால், தோண்டும் முன்பே வார்டு பொறியாளரைப் பாருங்கள். கவுன்சிலர் நடத்தும் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கேயே எழுத்தில் கொடுங்கள். மரம் இருக்கும் இடத்தில் வடிகாலை ஓரடி வளைக்க முடியுமா, அல்லது எதிர்ப்பக்கம் கொண்டுபோக முடியுமா என்று கேளுங்கள். வளைத்ததையும் பார்த்திருக்கிறேன், “மேலிடத்து வரைபடம் சார்” என்று நேராகப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

நடைபாதைக்கு டைல்ஸ் பதிக்கும்போது அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் விடச் சொல்லுங்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. மனுவில் அந்த உத்தரவைக் குறிப்பிட்டால், ஒரு மீட்டர் என்பது உங்கள் சொந்தக் கற்பனை அல்ல என்று படிப்பவருக்குத் தெரியும்.

மின்வாரியத்தினர் மழைக்காலத்துக்கு முன் கம்பியோரக் கிளைகளைக் கழிப்பார்கள். அது தேவை. ஆனால் ஒரே பக்கம் மொட்டையடித்தால் மரம் மறுபக்கம் கனத்து, அடுத்த காற்றில் சாயும். அன்றைக்கு வீட்டில் இருந்து, மறுபக்கமும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். கிளையை நடுவில் முண்டமாக வெட்டாமல், அது பிரியும் இடத்தில் உள்ள மடிப்பை ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். மோர் கொடுத்துக் கேட்டால் செய்வார்கள்.

பெரிய திட்டங்கள்: ஓ.எஸ்.ஆர். நிலத்தை எங்கே வைக்கிறார்கள்?

உங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் பழைய தோட்டமோ ஆலையோ இருந்து, அங்கே அடுக்குமாடி வருகிறது என்றால் விளையாட்டே வேறு. 2019 விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலம் தர முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் நிலமாகத்தான் தர வேண்டும். ஓ.எஸ்.ஆர். (ஓபன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்) நிலம் என்று சொல்வது இதைத்தான்.

இந்தப் பத்துச் சதவீதம் வழக்கமாக மனையில் எதற்கும் உதவாத மூலையில் போய் உட்காரும். வெறும் மண்ணாக இருந்த மூலையில் பிறகு டைல்ஸ் நடைபாதையும் சிமெண்ட் காளானும் வைத்துப் பூங்கா என்று பலகை மாட்டுவார்கள். அதேவேளையில், பெரிய மரங்கள் நின்ற பக்கம் கட்டடத்துக்கு அடியில் போய்விடும். மரக்கூட்டம் இருக்கும் இடத்திலேயே ஓ.எஸ்.ஆர். நிலத்தை வைத்தால், ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் பத்துப் பதினைந்து மரங்கள் நிலத்தோடு பொதுச் சொத்தாகிவிடும். நகரமைப்பு விதிகளில் மரங்களுக்கு இதைவிடப் பயனுள்ள வரி இல்லை என்பது என் அபிப்பிராயம். இதைக் கேட்க வேண்டிய நேரம், திட்டம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலோ (சி.எம்.டி.ஏ.) நகர் ஊரமைப்பு இயக்ககத்திலோ பரிசீலனையில் இருக்கும்போது. தானப்பத்திரம் பதிவான பிறகு கேட்டுப் பயனில்லை.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். விண்ணப்பமும் அனுமதிக் கடிதமும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். அந்தக் கடிதத்தின் நிபந்தனைப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். 80 சதுர மீட்டர் மனைக்கு ஒரு மரமாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமாக வரும் நிபந்தனை. இரண்டு ஏக்கர் என்றால் 8,094 சதுர மீட்டர். நூறு மரங்களுக்கு மேல் வரும். நிபந்தனைகளை நிறைவேற்றினார்களா என்று ஆறு மாதத்துக்கொருமுறை அறிக்கையும் தர வேண்டும். அறிக்கையில் மரங்கள் நூறு, நேரில் போனால் தொட்டியில் அரளி. படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டத் தொடங்கிவிட்டால்

ஓடுங்கள், ஆனால் ஒருவர் படம் எடுக்கட்டும், ஒருவர் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் பேசட்டும். புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். தெருவிலோ பொது இடத்திலோ நிற்கும் மரமென்றால், வெட்டுகிறவர்களிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “அனுமதி உத்தரவின் நகல் எங்கே?” அவர்கள் கூலிக்கு வந்தவர்கள். சத்தம் போட வேண்டியதில்லை. உத்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் அன்றைய வேலை நிற்கும். அந்த ஒரு நாளில் மண்டல அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மனு போய்விட வேண்டும்.

பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு மனு. பசுமைக் குழு ஆய்வு செய்த தேதி, ஆய்வறிக்கை, எத்தனை மரங்களுக்கு அனுமதி, ஈடாக எத்தனை கன்றுகள் எங்கே நட வேண்டும் என்று உத்தரவு என நான்கே கேள்விகள். முப்பது நாள்களில் பதில் வர வேண்டும். தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் சென்னையிலேயே இருக்கிறது. சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள். வெறுமனே மரம் வெட்டினார்கள் என்பதைவிட, சுற்றுச்சூழல் அனுமதியின் இன்ன நிபந்தனையை மீறினார்கள் என்ற வழக்கு அங்கே நிற்கும்.

பிடுங்கி வேறிடத்தில் நடுகிறோம் என்று சொன்னால்

உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். ஆல், அரசு, அத்தி வகைகள் பெயர்த்து நட்டால் பிழைக்கும் சாத்தியம் அதிகம். முதிர்ந்த வேம்பைப் பெயர்ப்பது பெரும்பாலும் மெதுவாகக் கொல்வதுதான். சில வாரங்களுக்கு முன்பிருந்தே வேரைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளம் வெட்டித் தயார்செய்தார்களா, புதிய இடம் எது, இரண்டு வருடம் தண்ணீர் யார் ஊற்றுவது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், படம் எடுப்பதற்காகக் கிரேன் வருகிறது என்று பொருள்.

ஒன்றுக்குப் பத்துக் கன்று என்பதும் வழக்கமான நிபந்தனை. பத்துக் கன்றையும் நகருக்கு வெளியே ஏரிக்கரையில் நட்டால் உங்கள் தெருவுக்கு நிழல் வராது. தெருவிலேயே நட இடம் காட்டிக் கொடுங்கள். கம்பிக்கு அடியில் சரக்கொன்றை, மந்தாரை. கொஞ்சம் அகலமான ஓரத்தில் பூவரசு, மகிழம், புங்கம். இலுப்பைக்கும் மருதுக்கும் பள்ளி மைதானம், ஓ.எஸ்.ஆர். நிலம். வேகமாகப் பச்சை காட்டுகிறது என்று கோனோகார்பஸ் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். 2025இல் தமிழ்நாடு அரசே அதை நடத் தடை விதித்துவிட்டது. கன்று ஆளுயரமாவது இருக்கட்டும், இல்லையென்றால் அடுத்த வாரமே ஆட்டுக்குத் தீனி.

குடிவந்த பிறகும் நாடாவைத் தூக்கிப் போடாதீர்கள். கட்டுமானத்தில் அடிபட்ட மரம் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் நோயைக் காட்டும். உச்சிக் கிளைகள் காய்வதும், இலை சிறுத்துப் போவதும், பருவம் தவறிப் பூப்பதும் அடையாளங்கள். முதல் இரண்டு கோடைக்கும் வாரம் இருமுறை, அடிமரத்தில் இல்லாமல் கிளை நுனிகளுக்கு நேர் கீழே தண்ணீர் விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, அதே நாலரை அடி உயரத்தில் அளந்து அதே நோட்டில் எழுதுங்கள். எங்கள் வடக்குப் பக்கத்து வேம்பு, இடிப்பதற்கு முன் 1.58 மீட்டர். மூன்று வருடங்கள் அந்த எண் அசையவே இல்லை. போன தை மாதம் 1.60.